எபனேசரிடம் எப்போது உதார் விடலாம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போகப்போக அதற்கு வாய்ப்புக் குறையும். இந்தக் கதை எனக்கு ஒரு காய்கறி வண்டியருகே கிடைத்தது. போடியில் எங்கள் தெருவுக்குள் வண்டி வந்து நின்றிருந்தது. நான் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கு அந்தப் பக்கம் ஞானபாக்கியம் குனிந்து ஹேமாவதியின் காதில் ஏதோ சொன்னார். ரகசியம்தான். ஆனால் ஞானபாக்கியம் சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். அவர் ரகசியம் பேசினால் வண்டிக்காரரே தராசை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"அவுக வெடிச்ச காயப் போட்டாகன்னா, நீ யோசிக்காம ஏத்திரு."

அவுக என்றால் அவருடைய கணவர் எபனேசர், ஏலக்காய் வியாபாரி. அது விளங்கியது. ஆனால் வெடித்த காயை அவர் எதில் போடுவார்? ஹேமாவதி எதை, எங்கே ஏற்றுவாள்? எபனேசரின் கட்டடத்தில் கீழே உள்ள ஒற்றை ஷட்டர் கடையில் ரவிக்கைத் துணி விற்கிறவளுக்கும் ஏலக்காய்க்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து சாம்பார் கொதிக்கும்வரை யோசித்தேன். [சாம்பார் அடிப்பிடித்தது. கதைக்கு இது தேவையில்லை. ஆனாலும் என் தரப்பு நஷ்டம் எங்காவது பதிவாக வேண்டும்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏல மணம் கமழும் போடி நகரின்

நிறுத்திவிட்டேன். ஏலக்காய்க் கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு மணமும் கமழ்வதில்லை, தும்மல்தான் வருகிறது.

இரண்டாம் முயற்சி: "வாழ்க்கை என்பதே ஒரு சீட்டாட்டம் என்று

எழுதிய கையோடு சுற்றுமுற்றும் பார்த்தேன். நல்லவேளை, யாரும் படிக்கவில்லை.

மூன்றாம் முயற்சி: "எபனேசர் ஜாக்கிரதையானவர்."

இது நிற்கிறது. ஒருவழிச் சாலையைக் கடக்கும்போதும் அவர் இரண்டு பக்கமும் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக் குடித்து, அவர் முகம் மாறாமல் இருந்தால்தான் தன் இலையைத் தொடுவார். ஒருமுறை தேனிக்குக் கிளம்பியவர், கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில் கோடாங்கிபட்டியில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து வந்து, மூடியிருந்ததைத் திறந்து, திரும்ப மூடிவிட்டுப் போனார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கையை விட்டுப் போவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை; தப்பாகப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் சீட்டு ஆடினார் என்றால் நம்புவீர்களா? நம்ப வைப்பதற்காகத்தான் அடுத்த பகுதியில் கிங்ஸ்லி வருகிறார்.

3

கிங்ஸ்லியை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று நெடுநேரம் தடுமாறினேன். பயணக் கப்பலில் சூதாட்ட மேசையில் சீட்டுப் போட்டவர், அக்காள் ஞானபாக்கியத்தின் வீட்டுக்கு விடுமுறையில் வந்து, வந்த இடத்திலேயே விடுமுறையை நீட்டிக்கொண்டிருப்பவர், வீட்டுக்குள்ளும் கூலிங் கிளாஸ் போடுகிறவர். கதைக்காரர் தேவைக்குச் செய்துகொண்ட ஆள் மாதிரியே இருக்கிறார். ஒரு பிரதியில் அவரை அடித்துவிட்டுப் பார்த்தேன். அப்புறம் போடியில் ஹோல்டம் என்ற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எனவே கிங்ஸ்லி இருக்கிறார். கூலிங் கிளாஸை மட்டும் இனிமேல் சொல்லமாட்டேன்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். கையிலுள்ளதும் நடுவிலுள்ளதும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவருக்கு நடுக்குவியல். அல்லது மற்றவர்கள் எல்லாரும் பயந்து விலகிவிட்டால், மிச்சமிருப்பவருக்கு. இந்த 'அல்லது'தான் நம் கதை.

கிங்ஸ்லி கொண்டுவந்த பிளாஸ்டிக் வில்லைகள் காசு மாதிரி இருப்பதாக ஞானபாக்கியம் தடுத்துவிட்டார். பதிலுக்கு எபனேசரின் மாதிரி டப்பாவிலிருந்து ஏலக்காய் வந்தது. முதல் இரண்டு கட்டத்துக்கு இரண்டிரண்டு காய், பின் இரண்டு கட்டத்துக்கு நாலு நாலு. அதற்கு மேல் யாரும் வைக்கக் கூடாது. இதற்கு லிமிட் ஆட்டம் என்று பெயராம். ஆட்டம் முடிந்ததும் எல்லாக் காயும் டப்பாவுக்கே திரும்ப வேண்டும். யாருக்கும் எதுவும் போகாத இடத்தில் பாவம் எங்கிருந்து வரும் என்று எபனேசர் யோசித்து, மறுபடி யோசித்து, உட்கார்ந்தார்.

சீட்டைக் கவிழ்த்து விலகுவதற்குக் கிங்ஸ்லி ஏதோ ஒரு சொல் சொன்னார். ரம்மி ஆடிப் பழகிய எங்கள் தெரு அதைக் காதில் வாங்கவில்லை; 'ஸ்கூட்' என்றே சொன்னது. கையில் ஒன்றுமில்லாமல் காயை ஏற்றி மிரட்டுவதற்கும் அவர் ஒரு சொல் வைத்திருந்தார். எங்களுக்கு அது உதார்.

* என்னையும் ஒரு வாரம் சேர்த்தார்கள். ஆனால் என்னிடம் யாரும் உதார் விட முடியவில்லை. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. எனவே எல்லா ஆட்டத்திலும் கடைசிக் காய்வரை போட்டுப் பார்த்தேன். என் காய்கள் சீக்கிரமே தீர்ந்தன. அதற்குப் பிறகு முறுக்குத் தட்டோடு பார்வையாளராக உட்கார அனுமதித்தார்கள். கதைகளுக்கு அதுவே நல்ல இடம்.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிமிட் ஆட்டத்தில் உதார் விடுவது கடினம் என்பார் கிங்ஸ்லி. காரணம், மிரட்டுவதற்கு உங்களிடம் இருப்பது நாலே காய். நடுவில் குவியல் சேர்ந்த பிறகு, நாலு காய்க்குப் பயந்து யார் விடுவார்? ஆவல் பிடித்தவர்கள் பார்த்துவிடுவோமே என்று போட்டுவிடுவார்கள். (என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.) ஆகவே உதாருக்கு ஆள் தேர்வு முக்கியம். எதிரில் ஒரே ஒருவர் இருக்க வேண்டும். ஏமாறுவதைவிடத் தப்புச் செய்வதற்கு அதிகம் அஞ்சுகிறவராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் காயிலிருந்தே ஒரே கதையைச் சொல்லிவர வேண்டும். கடைசியில் திடீரென்று வீராப்புக் காட்டினால் எடுபடாது. நடுவில் விழும் சீட்டுகள் உங்கள் கதைக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

"மச்சான் மாதிரி ஆளுன்னா அல்வா," என்றார் கிங்ஸ்லி. "ஆனா நல்ல சீட்டோட இருக்கும்போது மோதிட்டா செத்தோம். அவர் மூஞ்சியில ஒண்ணும் தெரியாது."

முகத்தில் தெரியாதுதான். விரலில் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மனைவி.

எபனேசர் வாழ்நாள் முழுக்க ஏலக்காயைத் தரம் பிரித்தவர். பருத்த பச்சைக் காய் போல்டு. அது ஒரு பக்கம். வாய் பிளந்தது, வெளிறியது இன்னொரு பக்கம். பேசும்போது, ஜெபம் கேட்கும்போது, டிவி பார்க்கும்போதுகூட அந்த விரல்கள் தாமாகப் பிரிக்கும். ஆட்டத்தில் எல்லாக் காய்க்கும் ஒரே மதிப்பு என்று அவருக்குத் தெரியும். விரல்களுக்குத் தெரியாதே. கையில் நல்ல சீட்டு இருந்தால் போல்டு காயைத் தள்ளும். நம்பிக்கையில்லாத சீட்டு என்றால் வெடித்த காயை எடுத்துப் போடும். தோற்கப்போகிற இடத்துக்கு நல்ல சரக்கை எந்த வியாபாரி அனுப்புவார்?

வண்டியருகே நான் கேட்டதன் பொருள் இதுதான். சொந்தக் கணவரை ஏன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறீர்கள் என்று ஞானபாக்கியத்திடம் கேட்டேன்.

"ஒரு தடவயாச்சும் அந்த மனுசன் தப்புப் பண்ணி நான் பாக்கணும்," என்றார். கல்யாணமானதிலிருந்து காத்திருக்கிறாராம்.

5

இதுவரை கதையில் யாருக்கும் எதுவும் போய்விடாது. ஏலக்காய்கூட டப்பாவுக்குத் திரும்பிவிடும். இப்படியே விட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனவே ஷட்டரைத் திறக்கிறேன்.

ஹேமாவதியின் கடையில் நுழைந்தால் ஒருவர்தான் நிற்கலாம்; இரண்டாமவர் வந்தால் முதலாமவர் ஏதாவது வாங்கிவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் எந்தச் சேலையைக் காட்டினாலும், விளக்கைப் போடாமலே கையை நீட்டி அதற்குரிய ரவிக்கைத் துணியை உருவுவாள். போடிமெட்டுக்கு மேலே, கேரளத் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள்கூட ஜீப்பை நிறுத்தி இறங்குவார்கள். அவர்களில் பாதிப் பேரை ஏற்றிப் போகும் ஜீப் அவள் கணவர் தங்கப்பாண்டியனுடையது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவார். கதையிலும் அவரை எழுப்பப்போவதில்லை.

ஒருநாள் காலையில் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் வந்து அந்த ஷட்டரின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். பணம் எடுக்கிற மெஷின் வைக்கிற கம்பெனியாம். கம்பெனி என்றால் நீண்ட ஒப்பந்தம், தேதி தவறாத வாடகை, சண்டை போடாத குடியிருப்பாளர். ஜாக்கிரதையானவர் ஒருவர் ராத்திரியில் கனவு கண்டால் இந்த மாதிரி ஒன்றைத்தான் காண்பார். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

ஹேமாவதியிடம் நான்தான் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"இந்தக் கட போச்சுன்னா, மாட்டிங்னு கேட்டு ஒருத்தி வரமாட்டாக்கா. எடம் மாறுன மாட்டிங் சென்டரத் தேடியா வருவாக?"

இந்தத் தெருவில் மேட்சிங் என்பது மாட்டிங்தான். திருத்தக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

எபனேசரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். [கேட்டாளா? ஒரு பிரதியில் கேட்டாள். அவர் "பாப்போம்மா" என்றார். கதை அங்கேயே முடிந்துவிட்டது. எனவே கேட்கவில்லை.]

6

அதற்கடுத்த நாட்களில் ஹேமாவதி கடையில் சில காரியங்கள் நடந்தன. வெறும் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. தெருவுக்கே கேட்கும்படி போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, புதுப் போர்டுக்கு எவ்வளவு நாளாகும் என்று விசாரித்தாள். நான் எட்டிப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை வந்திருக்கிறது என்றாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீகக்கா. முக்கியமா ஞானபாக்கியம் அக்காட்ட."

சாயங்காலத்துக்குள் ஞானபாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. நாலாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள்: முதல் காயிலிருந்தே ஒரே கதை. அட்டைப்பெட்டி முதல் காய், போர்டு இரண்டாம் காய். மூன்றாம் காய் நான். என்னையும் எடுத்து நடுவில் தள்ளியிருக்கிறாள். போல்டா, வெடித்ததா என்று மட்டும் அவளிடம் நான் கேட்கவில்லை.

7

அந்த ஞாயிறு மதியம், பிரியாணிக்குப் பிறகு, மாடியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சீட்டுக் கட்டை எடுக்குமுன் எபனேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்டம் முடியட்டும் ஹேமா, கடை விசயமா ஒண்ணு சொல்லணும் என்றார். ஹேமாவதி சரி அண்ணாச்சி என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு முறுக்கு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது.

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். கிங்ஸ்லி சீட்டுப் போட்டார். ஞானபாக்கியம் தன் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் ஸ்கூட். எதிரெதிரே இருவர். ஹேமாவதி கையில் ஆட்டின் என்று எங்கள் தெரு சொல்கிற ஹார்ட் ஏழு, கிளாவர் அஞ்சு. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத இரண்டு சீட்டு.

இரண்டு காய் வைத்தாள். எபனேசரும் இரண்டு வைத்தார். வாய் பிளந்த காய்கள்.

நடுவில் மூன்று: ஸ்பேடு ஒன்பது, டைமன் ராணி, ஸ்பேடு நாலு. ஸ்பேடு கண்டவுடன் மகிழ்ந்தவள்போல் உடனே இரண்டு காய் தள்ளினாள். அவர் பதிலுக்குத் தள்ளினார். வெடித்த காய். நாலாவதாகக் கிளாவர் ரெண்டு. நாலு காய் வைத்தாள். அவரும் நாலு. எல்லாம் வெளிறியவை. ஞானபாக்கியம் ஹேமாவதியைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

கடைசிச் சீட்டு: ஸ்பேடு ராஜா.

இப்போது நடுவில் மூன்று ஸ்பேடு. யார் கையில் இரண்டு ஸ்பேடு இருக்கிறதோ அவருக்கு ஐந்தும் ஸ்பேடு. ராணி ஜோடி வைத்திருப்பவர் எல்லாம் எழுந்து போகலாம். ஹேமாவதி நிதானமாக நாலு காயை எண்ணி வைத்தாள். அவள் சொல்லிவந்த கதைக்கு ராஜாவே வந்து சாட்சி சொல்லிவிட்டார்.

எபனேசர் யோசித்தார். கீழே யாரோ ஷட்டரைத் தட்டி, மாட்டிங் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

[இந்த வாடிக்கையாளரை நான் சேர்க்கவில்லை. உண்மையிலேயே வந்தார். சேர்த்ததுபோல் இருப்பது அவர் தப்பு.]

அந்தச் சத்தம்தான் ஹேமாவதியைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"கட விசயம்னீகளே அண்ணாச்சி. நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எடம் அமைஞ்சிருக்கு."

"ஆட்டத்துல ஆட்டத்தப் பேசுங்கக்கா," என்றார் கிங்ஸ்லி. அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

எபனேசர் முதல்முறையாக நிமிர்ந்தார். மெஷின் கம்பெனி அளந்துவிட்டுப் போனதுதான், கையெழுத்துப் போடவில்லை. இவளும் போய்விட்டால்? பூட்டிய ஷட்டர், உள்ளே எலி, வெளியே போஸ்டர். அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைத் தெரியும்.

"அட்வான்ஸ் குடுத்தாச்சாம்மா?"

ஹேமாவதி தன் இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள்:

"பாக்கணும்னா நாலு காய் போடுங்க அண்ணாச்சி."

எதைப் பார்க்க, சீட்டையா, கடையையா என்று அவர் கேட்கவில்லை. அவர் கை தன் குவியலுக்குப் போனது. வெடித்த காய்களின்மேல் கொஞ்சம் தங்கியது. பிறகு நகர்ந்து, பக்கத்திலிருந்த ஒரு போல்டு காயை எடுத்தது. குவியலிலேயே பெரியது, பச்சை மாறாதது. ஞானபாக்கியத்தின் வாய் திறந்தபடியே நின்றது. ஹேமாவதி முந்தானையை விரலில் சுற்றினாள். போல்டு என்றால் நல்ல சீட்டு. நல்ல சீட்டு என்றால் கடை போச்சு, போர்டு போச்சு, தேடி வருகிற பெண்கள் போச்சு. அவளுக்கு அப்போது ஆட்டமும் கடையும் ஒன்றாகிவிட்டிருந்தது.

எபனேசர் காயை மூக்கருகே கொண்டுபோனார். மோந்தார். வாயில் போட்டு மென்றார்.

"மச்சான், அது பந்தயக் காயி."

"ஸ்கூட்," என்றார் எபனேசர், மென்றுகொண்டே. சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினார். "அந்த மெசின்காரங்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேம்மா. நீ எங்கயும் போக வேணாம். ஷட்டர் கிரீச்சுங்குது, கிரீஸ் அடிக்கணும். அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

8

இனி உங்களுக்கு மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன். மூன்றும் நடந்ததோடு பொருந்தும், அதுதான் தொல்லை.

ஒன்று. உதார் பலித்தது. மெஷின்காரரை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தது காயை மெல்லத் தொடங்கியபோதுதான். "சொல்லிட்டேன்" என்பது, பயந்ததை மறைக்க ஜாக்கிரதையானவர் வாழ்க்கையில் விட்ட முதல் உதார். எனக்குப் பிடித்த முடிவு. ஞானபாக்கியத்துக்கும்.

இரண்டு. அவர் உண்மையிலேயே முன்பே வேண்டாமென்று சொல்லியிருந்தார். கிரீஸ்தான் விசயம். அப்படியென்றால் அட்டைப்பெட்டி, போர்டு, நான் எல்லாம் வீண். இதை எழுதினால் ஹேமாவதி எனக்கு ரவிக்கைத் துணி தரமாட்டாள்.

மூன்று. வெடித்த காயின் ரகசியம் அவருக்குத் தெரியும். மனைவியின் ரகசியக் குரல் வண்டிக்காரருக்கே கேட்கிறதென்றால், ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கேட்காதா? வெளிறிய காய்களை வேண்டுமென்றே போட்டு அவளை ஏற்றவைத்தார். கையில் ஜெயிக்கிற சீட்டு இருந்தது. கடைசியில் விரல்கள் தம்மையறியாமல் போல்டு காயைத் தொட்டு உளறிவிட்டன. அதை நடுவில் வைக்க முடியாமல், திரும்பவும் வைக்க முடியாமல், தின்றுவிட்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். அழைப்பு வரிசையில் இருப்பதாகச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள்.

ஆக, எல்லாம் அவர் கவிழ்த்த இரண்டு சீட்டில் இருக்கிறது. அவை ஸ்பேடாக இருந்தால், ஜெயித்த ஆட்டத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார். இல்லையென்றால், பயந்தார். கடை இரண்டிலும் ஹேமாவதிக்குத்தான். அவள் இனி அவரை எந்த முகத்தோடு பார்ப்பாள் என்பதுதான் மாறும்.

9

நேற்று ஹேமாவதி வந்து இதுவரைக்கும் படித்துப் பார்த்தாள். முதல் ஆட்சேபம்: தன் கையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கக் கூடாதாம், இரண்டு ஸ்பேடு என்று மாற்ற வேண்டுமாம். ஊரில் எல்லாரும் இனி அவளிடம் பேரம் பேசுவார்களாம். மாற்றுகிறேன் என்று சொன்னேன். [மாற்றவில்லை. ஏழாம் பகுதி மேலே போய்விட்டது.]

இரண்டாவது ஆட்சேபத்தை வாசலில் நின்று சொன்னாள்.

"அண்ணாச்சி சீட்டு என்னன்னு மட்டும் எழுதிராதீக. தெரிஞ்சிட்டா, ஒண்ணு அவுகளப் பாத்து எனக்குச் சிரிப்பு வரும், இல்லன்னா அழுக வரும். ரெண்டோடயும் வாடக குடுக்க முடியாதுக்கா."

ஷட்டர் இப்போது சத்தமில்லாமல் ஏறுகிறது. ஞாயிறுதோறும் ஆட்டமும் நடக்கிறது. எபனேசர் இப்போதெல்லாம் காய்களை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எழுதுகிறவளுக்கும் விரல் உண்டு. இந்தக் கதை நெடுக நான் முழு வாக்கியங்களும் போட்டேன், வெடித்த வாக்கியங்களும் போட்டேன். பாதியில் உடைந்ததைப் பார்த்தபோதெல்லாம் இவள் கையில் சரக்கில்லை என்று நினைத்திருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் எதையும் பார்க்காமல் விடுகிற ஆள் நானில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மதியம் எல்லாரும் காயை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தபோது, டம்ளர் எடுக்கிற சாக்கில் மேசைப் பக்கம் போனது யார் என்றும் நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

பார்க்க வேண்டுமென்றால் நாலு காய் போடுங்கள். வேண்டாமென்றால் ஸ்கூட் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். என் கடைசி வாக்கியத்தை நடுவில் தள்ளுகிறேன், போல்டா வெடித்ததா என்று நீங்களே தரம் பிரித்துக்கொள்ளுங்கள்:

எபனேசர் கவிழ்த்த இரண்டு சீட்டையும் டம்ளரின் மறைவில் திருப்பினேன், அதில் முதலாவது